மடங்காத முழங்காலுக்கு ஏற்ற சைக்கிள் என்று சொல்லி என்னை ஏமாற்றியதைப் பற்றி ஓர் எச்சரிக்கை

மூன்று நாட்களுக்கு முன்பு, எனக்கு உடற்பயிற்சி சைக்கிள் விற்ற இணையக் கடையிலிருந்து "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் செய்தி வந்தது. 11 மாதங்களாக நான் மாதந்தோறும் ஒதுக்கிச் சேர்த்த பணம் அந்த ஒரு வரியோடு போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும், காலில் நிரந்தரக் காயத்தோடு வீட்டிலேயே உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கும் இன்னொருவர் இதே இடத்தில் பணத்தைக் கட்டிவிடக் கூடாது என்பதற்காக இப்போதே எழுதுகிறேன். இப்படிப்பட்ட கருவியை வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 6 ஆண்டுகளுக்கு முன் நடந்த விபத்தில் என் இடது கீழ்க்கால் எலும்பின் மேல்முனை, அதாவது முழங்கால் மூட்டுக்குத் தளமாக அமைந்திருக்கும் பகுதி, நொறுங்கியது. தகடும் திருகாணிகளும் வைத்துச் சேர்த்தார்கள். எலும்பு கூடிவிட்டது, மூட்டு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இயன்முறை மருத்துவர் கோணமானியை வைத்து அளந்தபோதெல்லாம் 85 டிகிரிக்கு மேல் முழங்கால் மடங்கியதே இல்லை. அந்த இடத்தில், திறந்த கதவு சுவரில் முட்டி நிற்பதைப் போல மூட்டு நின்றுவிடும். வலியைப் பொறுத்துக்கொண்டு அழுத்தினால் இளகிவிடக்கூடிய இறுக்கம் அல்ல அது என்று அவர் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார்.

இத்தனை ஆண்டுகளும் வீட்டில் பயிற்சி செய்யாமல் இருந்ததில்லை. படுத்தபடியே தொடைத் தசையை 5 நொடி இறுக்கி விடுவது, காலை மடக்காமல் நேராகத் தூக்கி இறக்குவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது ஆகியவற்றால் தொடை மேலும் மெலியாமல் காப்பாற்றிக்கொண்டேன். ஆனால் இவை எதிலும் மூச்சு வாங்குவதில்லை. உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்குறை உள்ள பெரியவர்களுக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. எனக்கோ 15 நிமிடம் நடந்தாலே முழங்கால் வீங்கிவிடும். உடல் எடையைக் காலில் சுமக்காமல் மூச்சு வாங்க வேண்டும் என்றால் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள்தான் வழி என்று இயன்முறை மருத்துவரும் சொன்னார். ஆனால் சாதாரண சைக்கிள் உனக்கு ஒத்துவராது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஒத்துவராததற்குக் காரணம் கிராங்க். பெடலை நடு அச்சோடு இணைக்கும் அந்தக் கை, பெரியவர்களுக்கான சைக்கிள்களில் பொதுவாக 165 முதல் 175 மில்லிமீட்டர் வரை இருக்கும். 170 என்று வைத்துக்கொண்டால், பெடல் கீழிருந்து மேலே வரும்போது பாதம் 340 மில்லிமீட்டர் உயர்கிறது. அந்த உச்சியைத் தாண்ட முழங்கால் ஏறத்தாழ 110 டிகிரி மடங்க வேண்டும். கிராங்க் 100 மில்லிமீட்டராக இருந்தால் பாதம் 200 மில்லிமீட்டர்தான் உயரும். இருக்கையையும் அதற்கேற்ப வைத்தால் என் போன்ற முழங்கால்கூட ஒரு சுற்றை முடித்துவிட முடியும். குட்டைக் கிராங்க் பொருத்திய சைக்கிளைத்தான் நான் பல மாதங்கள் தேடினேன்.

இணையத்தில் மட்டுமே விற்கிற, காயம்பட்டவர்களுக்கான பயிற்சிக் கருவிகள் என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளும் ஒரு கடை கண்ணில் பட்டது. வீடியோ அழைப்பில் பேசிய இளைஞர், தன்னை "பயிற்சி ஆலோசகர்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். விலையைப் பற்றி அவர் முதலில் பேசவே இல்லை. "அம்மா, உங்கள் முழங்கால் எத்தனை டிகிரி வரை மடங்கும்?" என்று கேட்டார். நான் அவரை நம்பியது அந்த நொடியில்தான். உடற்பயிற்சிக் கூடங்களிலும் கடைகளிலும் நான் பேசிய எத்தனையோ பேரில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "மெல்ல மெல்லப் பழகிவிடும்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். இவர் என்னைப் பக்கவாட்டில் உட்காரச் சொல்லிக் காலை மடக்கிக் காட்டச் சொன்னார், தழும்பு எங்கே தொடங்குகிறது என்று கேட்டார், 85 என்பதை ஒரு தாளில் எழுதிக் கேமராவின் முன் தூக்கிக் காட்டி, "சரிதானே அம்மா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. 100 மில்லிமீட்டர் கிராங்க்கை எனக்காகவே பொருத்தி அனுப்புவதாகவும், தனியாகச் செய்யும் வேலை என்பதால் முழுத்தொகையையும் முன்னதாகக் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். 11 மாதச் சேமிப்பையும் அன்று மாலையே கட்டினேன்.

பெட்டி வந்தது, என் மகன் பூட்டிக் கொடுத்தான். ஏறி உட்கார்ந்து வலது காலால் மிதித்தேன். இடது பெடல் மேலே வர வர முழங்கால் தன் எல்லையில் முட்டி நின்றது. ஒரு சுற்றுகூட முடியவில்லை. இருக்கையைக் கடைசித் துளை வரை உயர்த்தினோம். இப்போது இடது பக்க இடுப்பு இருக்கையை விட்டு எழும்பி, உடல் முழுவதும் வலப்பக்கம் சாய்ந்த பிறகுதான் பெடல் உச்சியைக் கடந்தது. அந்த உயரத்தில் நல்ல காலான வலது காலின் விரல் நுனிதான் கீழ்ப் பெடலைத் தொட்டது. ஐந்து நிமிடத்தில் முதுகு பிடித்துக்கொண்டது.

அன்றே தொடர்புகொண்டேன். இப்போது அழைப்பை எடுக்க யாரும் இல்லை. எழுத்து வழி உரையாடல் மட்டும்தான், அதிலும் ஒவ்வொரு முறையும் வேறொரு பெயர். முதலில் பூட்டியதில் தவறு இருக்கும் என்றார்கள், படம் அனுப்பினேன். பிறகு இருக்கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்திய படத்தையும் அனுப்பினேன். மூன்றாவதாக வந்தவர், பாதத்தைப் பட்டையால் பெடலோடு இறுகக் கட்டிக்கொண்டு இரண்டு வாரம் விடாமல் மிதித்தால் மூட்டு தானாக இளகும், எங்கள் நிபுணர் குழுவின் அறிவுரை இது என்று எழுதினார். அதை நம்பியதற்காக என் மீதே எனக்குக் கோபம் வருகிறது. பட்டையால் கட்டிய கால் பெடலோடு சேர்ந்து இழுபடும். முழங்கால் மடங்க மறுத்தாலும் சுழலும் சக்கரத்தின் வேகம் அதை விடாது. நான்காம் நாள் முழங்கால் வீங்கிச் சூடாகி, அதன் பக்கவாட்டுப் பள்ளங்கள் மறைந்துவிட்டன. இயன்முறை மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, மூட்டுக்குள் நீர் கோத்திருக்கிறது என்றார். ஆறு ஆண்டுகளாக அப்படியே இருக்கிற மூட்டை யார் இப்படி வலிந்து மடக்கச் சொன்னது என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீக்கம் வடியும் வரை ஒரு வாரத்துக்கு மேல் நேராகக் கால் தூக்கும் பயிற்சிகூடச் செய்ய முடியாமல் கிடந்தேன்.

அந்த ஓய்வில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அளவுநாடாவை எடுத்து, நடு அச்சின் மையத்திலிருந்து பெடல் அச்சின் மையம் வரை பிடித்துப் பார்த்தேன். 170 மில்லிமீட்டர். மகனை விட்டு மறுபக்கத்தையும் அளக்கச் சொன்னேன், அதுவும் 170. எனக்காகவே பொருத்துவதாகச் சொன்ன கிராங்க்கைப் பொருத்தவே இல்லை. எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண வீட்டுச் சைக்கிளை என் 11 மாதச் சேமிப்புக்கு விற்றிருக்கிறார்கள்.

நாடாவோடு எடுத்த படத்தை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பொருள் வந்து 10 நாட்களுக்குள் திருப்பியிருக்க வேண்டும், அந்தக் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. இரண்டு வாரம் மிதித்துப் பாருங்கள் என்று சொன்னதே அவர்கள்தானே என்று அந்த உரையாடலையே எடுத்து அனுப்பினேன். அதற்கு, அது பொதுவான ஆலோசனை மட்டுமே, மருத்துவக் காரணங்களுக்காகப் பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். கிராங்க்கின் அளவு மருத்துவக் காரணம் அல்லவே, நீங்கள் சொன்ன பொருள் வரவில்லை என்பதுதானே என் புகார் என்று எழுதினேன். உங்களுக்கெனத் தனியாகத் தயாரித்த பொருள் என்பதால் விதிகளின்படி திரும்பப் பெற இயலாது என்று பதில் வந்தது. செய்யாத வேலையைக் காரணம் காட்டியே பணத்தை மறுத்த அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. வீடியோவில் "அம்மா" என்று அழைத்தவரைக் கேட்டால், அப்படி ஒருவர் இப்போது பணியில் இல்லை என்கிறார்கள். நான் இப்போது "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்". அதன் பிறகுதான் புகாரை முடித்துவைத்தார்கள்.

பணத்தைவிட எனக்கு அதிகம் வலிப்பது அந்த 85 என்ற எண். என் உடலைப் பற்றி நான் நம்பிச் சொன்ன ஒன்றை, என் நம்பிக்கையைப் பெறுவதற்கு மட்டும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். காயம்பட்டவர்கள் தம்மைப் புரிந்துகொள்ளும் ஒருவருக்காக எவ்வளவு ஏங்கியிருப்பார்கள் என்பது விற்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கு மனம் ஒப்பவில்லை, முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேச்சில் சொல்லும் எந்த அளவையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். என் ரசீதில் "உடற்பயிற்சி சைக்கிள் 1" என்று மட்டுமே இருந்தது. முழுப்பணத்தையும் முன்னதாகக் கட்டாதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்பதைப் பெட்டி வந்த அன்றே குறித்துவையுங்கள். அதற்கு மேல் பொறுத்துப் பார்க்கச் சொன்னால் அந்த நிமிடமே திருப்பி அனுப்புங்கள். உங்கள் காலைத் தொட்டுப் பார்க்காத எவர் சொன்னாலும் நின்றுபோன மூட்டை வலிந்து மடக்காதீர்கள். இதேபோன்ற சைக்கிளை வாங்க முடிவு செய்திருந்தால், அனுப்புவதற்கு முன்பே நடு அச்சின் மையத்திலிருந்து பெடல் அச்சின் மையம் வரை அளவுநாடாவைப் பிடித்து எண் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். அந்தப் படம் வராமல் பணத்தை அனுப்பாதீர்கள்.