கோச்சியைப் பார்ப்பதா, உடுப்பைப் பார்ப்பதா? இலங்கை மலையகத்துப் பழைய ரயில் படங்களுக்கு வருடம் பிடிப்பது

எங்கள் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. அட்டன் ஸ்டேஷன் மேடையில் நான்கு பேர், பின்னால் ஒரு பெட்டியும் பாதி இன்ஜினும். தாத்தா கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கிறார், அப்பாயி காதில் பாம்படம் தொங்குகிறது, பக்கத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், ஓரத்தில் யாரென்றே தெரியாத ஒரு பொடியன். சித்தப்பாவைக் கேட்டால் 1948 என்பார். ஏன் என்றால், "அந்தக் கோட்டைப் பாரு, வெள்ளைக்காரன் காலத்துக் கோட்டு." 1948 என்றால் அந்தப் பெண் பெரிய அத்தை. பெரியம்மாவோ, அது சின்ன அத்தை, இந்தியாவுக்குப் போன அன்றைக்கு எடுத்தது என்று சாதிப்பார். இரண்டு அத்தைக்கும் நடுவில் இருபது வருடம். தாத்தா, அப்பாயி முகத்தை வைத்தும் தீர்க்க முடியாது, விடிகாலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் மழையில் நனைந்த உடம்பு நாற்பதிலேயே அறுபது மாதிரித்தான் இருக்கும். படத்தின் பின்பக்கம் ஆல்பத்துக் கறுப்புத் தாள் ஒட்டிக் கிழிந்து கிடக்கிறது, எழுத்து ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்தச் சண்டை. அதனால்தான் இதில் இறங்கினேன். பழைய ரயில் படத்துக்கு வருடம் சொல்ல இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று கோச்சி, ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அதாவது அதன் பாதை, இன்ஜின், பெட்டி. மற்றது ஆட்கள் போட்டிருக்கும் உடுப்பு. எது நம்பகமானது என்று கேட்டால் எல்லோரும் கோச்சி என்றுதான் சொல்வார்கள், இரும்பு பொய் சொல்லாது என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் பக்கத்துப் படங்களுக்கு அது பாதிதான் சரி.

முதலில் கோச்சி. இதில் மிகச் சுலபமானது இன்ஜின்கூட இல்லை, படம் எடுத்த இடம். கொழும்பிலிருந்து வந்த பாதை கண்டியைத் தொட்டது 1867இல். நாவலப்பிட்டிக்கு 1874, அட்டனுக்கு 1884, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894. அங்கிருந்து பதுளைக்குப் போய்ச் சேர மேலும் முப்பது வருடம் ஆயிற்று, 1924. எல்லவுக்குப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம் அந்தக் கடைசித் துண்டில்தான் இருக்கிறது. அந்தப் பாலத்துப் படத்துக்குக் கீழே 1890 என்று எழுதிப் பகிர்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது பண்டாரவளைக்கே கோச்சி வரவில்லை ஐயா.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு குட்டிக் கோச்சி ஓடியது நிறையப் பேருக்குத் தெரியாது. பெரிய பாதையில் தண்டவாளங்களுக்கு நடுவே 5 அடி 6 அங்குலம், இதில் 2 அடி 6 அங்குலம்தான். 1903, 1904இல் திறந்தார்கள், 1940களில் அதன் கதை முடிந்துவிட்டது. படத்தில் அந்தக் குட்டிப் பெட்டி இருந்தால் ஒரு நாற்பது வருட எல்லை கையில் கிடைத்த மாதிரி.

அடுத்து இன்ஜின். கரி இன்ஜின்களில் வகை பிரிக்க நிறையப் பொறுமை வேண்டும், எனக்கு அவ்வளவு கிடையாது. ஆனால் ஒன்றை யாராலும் தவறவிட முடியாது: கரட் இன்ஜின். கொதிகலன் நடுவில் தொங்க, முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதி, பார்த்தால் இரண்டு இன்ஜினை முதுகோடு முதுகு ஒட்டவைத்த மாதிரி. 44 அடிக்கு ஒரு அடி ஏறும் மலைப் பாதைக்கென்றே கொண்டுவந்தது. முதலாவது 1927இல் வந்தது, அதே குடும்பத்தில் இன்னும் எட்டு 1945இல். அப்புறம் டீசல். 1953இல் பிரிட்டனிலிருந்து முதல் தொகுதி, 1954இல் கனடாக்காரர்கள் கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தில் கொடுத்தது, அதற்கு அல்பேர்ட்டா, ஒன்டாரியோ என்று அவர்கள் மாகாணப் பெயர்களையே வைத்தார்கள். கனடா இன்ஜினை அடையாளம் காண்பது சுலபம்: ஒரு முனையில் டிரைவர் அறை, மீதியெல்லாம் ஒடுக்கமான நீளப் பெட்டி, அதன் இரண்டு பக்கமும் ஆள் நடக்கிற ஓரப்பாதை, அதற்குக் கம்பிக் கைப்பிடி.

பெட்டியைப் பார்த்தால்? நான்கு சக்கரத்துச் சின்னப் பெட்டியா, இரண்டு போகியில் (சக்கரத் தொகுதியில்) நிற்கும் நீளப் பெட்டியா, மரப்பலகைச் சுவரா, இரும்புத் தகடா, ஒவ்வோர் அறைக்கும் தனிக் கதவா, இரண்டு முனையில் மட்டும் கதவா, கூரையில் எண்ணெய் விளக்கு செருகும் குமிழ் வரிசையாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கலாம். முந்தியது எது, பிந்தியது எது என்று அது சொல்லும். ஆனால் வருடத்தைப் பெட்டியிடம் கேட்காதீர்கள். புதுப் பெட்டி வந்தால் பழையதை எரித்துவிடுவதில்லை, கிளைப் பாதைக்கோ, சாமான் பெட்டியும் ஆள் பெட்டியும் கலந்து ஓடும் கோச்சிக்கோ தள்ளிவிடுவார்கள், அங்கே அது இன்னும் ஒரு தலைமுறை ஓடும்.

கோச்சி வழியின் பெரிய ஓட்டையும் இதுதான். அது தரையைக் காட்டும், கூரையைக் காட்டாது. 1954இல் வந்த கனடா இன்ஜின் எழுபது வருடம் தாண்டியும் தண்டவாளத்தில் இருக்கிறது. அதனால் "1954க்கு முந்தியது இல்லை" என்று அடித்துச் சொல்லலாம், அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. 1954ஆ, 1984ஆ? இன்ஜினுக்குக் கவலை இல்லை.

சரி, உடுப்புக்கு வருவோம். இங்கே முதலில் கேட்க வேண்டியது யாருடைய உடுப்பு என்று. வெள்ளைக்காரப் பெண்கள் இருந்தால் அதிர்ஷ்டம். தோளில் பலூன் மாதிரி உப்பிய கை 1890களின் நடுப்பகுதி, அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிதாக இருக்காது. காது வரைக்கும் இழுத்துப் போட்ட மணி மாதிரித் தொப்பி, முழங்காலைத் தொடுகிற பாவாடை என்றால் 1920கள். மலைநாட்டுக் குளிருக்குச் சீமை உடுப்பையே மாற்றாமல் போட முடிந்தது, அதனால் கொழும்புப் படங்களைவிட நுவரெலியாப் படங்களில் நாகரிகம் தெளிவாகத் தெரியும். குட்டிக் கோச்சியின் நாற்பது வருடத்தை அந்த மணித் தொப்பி ஒரே அடியில் பத்து வருடமாகச் சுருக்கிவிடும், அந்த இடத்தில் கோச்சியை உடுப்பு ஜெயித்துவிட்டது என்றே சொல்வேன். துரைமாரின் சோலாத் தொப்பி அவ்வளவு உதவாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குறைந்தது, ஆனால் தலையிலிருந்து கழற்ற மனமில்லாத கிழவர்கள் இருந்தார்கள்.

நம் ஆட்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் தலையில் போட்ட கறுப்புக் கம்பளி, இடுப்பில் கட்டிய படங்கு, முதுகில் கூடை, இதெல்லாம் தாத்தாவின் தாத்தா காலத்துப் படத்திலும் அப்படியே, அப்பாயி காலத்திலும் கிட்டத்தட்ட அப்படியே. 1900க்கும் 1940க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் போனால் கண்தான் வலிக்கும். கோட்டு இன்னும் மோசம். தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி ஒரு கோட்டு வாங்கினால் அது அவரோடு முடியாது, மகன் கல்யாணத்துக்குப் போடுவான், பேரன் படம் எடுக்கப் போடுவான். துரை கழித்துக் கொடுத்த கோட்டென்றால் அது தோட்டத்துக்குள் வரும்போதே பத்து வயது. பாம்படமும் ஆளின் பிறப்பைச் சொல்லுமே தவிர படத்தின் வருடத்தைச் சொல்லாது, சின்ன வயதில் காது வடித்தவள் சாகும்வரை அதைத்தான் போடுவாள். சித்தப்பா தாத்தாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு 1948க்குப் போனது இந்தப் பொறியில்தான். குடும்பப் படத்தில் வயதானவர்களின் உடுப்பைப் பார்க்கவே பார்க்காதீர்கள். இளசுகளைப் பாருங்கள், அதிலும் முக்கியமாகக் கல்யாணமாகாத பெண்களை, அப்புறம் பிள்ளைகளின் காலை.

1950களுக்குப் பிறகு உடுப்பு திடீரென்று வேகம் பிடிக்கிறது. பஃப் வைத்த முழங்கைவரை ரவிக்கை போய், இறுக்கிப் பிடித்த குட்டைக் கை வருகிறது. நூல் சேலைக்குப் பக்கத்தில் 1960களில் நைலெக்ஸ் வருகிறது, மெல்லிசு, பூப்போட்டது, காற்றுக்கு நிற்காது, படத்தில் முந்தானை பறந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் அதுதான். பொடியன்கள் காலில் ரப்பர் செருப்பு ஏறுகிறது. 1970களில் பெல்பாட்டமும் நீளக் கொலரும்.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சங்கதி உண்டு, அதை அறியாமல் இந்தியாப் படங்களோடு ஒப்பிட்டு வருடம் சொல்கிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதியை இறுக்கிவிட்டார்கள். அரிசிக்கே வரிசை, தோட்டங்களில் பட்டினி, துணிக்கு எங்கே போவது? அந்த ஏழு வருடப் படங்களில் பாதிப் பேர் 1960களின் உடுப்பிலேயே நிற்பார்கள், வெளுத்தும் தைத்தும். 1977இல் கடையைத் திறந்துவிட்டதும் வெளிநாட்டுச் சேலையும் பொலியெஸ்டர் சட்டையும் கொட்டுகிறது. ஆகவே 1969 மாதிரி இருக்கும் ஒரு படம் நிஜத்தில் 1975ஆக இருக்கலாம். பின்னால் 1975இல் கனடாவிலிருந்து வந்த எம் 4 டீசல் இன்ஜின் நின்றால் தப்பித்தோம், அதன் நீளம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

என் தீர்ப்பு இதுதான். கரி இன்ஜின் காலத்துப் படத்தில் வெள்ளைக்காரர் யாரும் இல்லாமல் நம் சனம் மட்டும் நின்றால் கோச்சியை நம்புங்கள், இடமும் இன்ஜினும் சொல்வதற்குமேல் உடுப்பு எதுவும் சொல்லாது. டீசல் காலத்துப் படம் என்றால் இன்ஜினை ஒருமுறை பார்த்துத் தரையை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு முழு நேரமும் உடுப்பில் செலவிடுங்கள். பழையதுக்குக் கோச்சி, புதியதுக்கு உடுப்பு. பொதுவாக இதை நேர்மாறாகச் செய்கிறார்கள், கங்காணியின் தலைப்பாகையை அரை மணி நேரம் ஆராய்ந்துவிட்டு பெல்பாட்டக்காரனுக்குப் பின்னால் நிற்கும் பெட்டியின் ஜன்னலை எண்ணுகிறார்கள்.

தாளையும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி கடிதத்துக்கும் ஒரு பாதி முகவரிக்கும் விட்ட தபாலட்டை 1902இல் பிரிட்டனில்தான் முதலில் வந்தது, ஆக அட்டை அதற்குப் பிந்தியது. படம் அதற்கு முந்தியதாக இருக்கலாம், நன்றாக விற்ற நெகடிவை ஸ்டூடியோக்காரர்கள் வருடக்கணக்கில் அச்சடித்தார்கள். அட்டையில் பிளாட்டே என்ற ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் 1890க்கு முந்தியது இல்லை, அந்தக் கம்பனி தொடங்கியதே அப்போதுதான். இன்னொன்று, பெட்டியில் இருக்கும் எண் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரிந்தால் நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள், இடமா வலமா என்று சண்டை போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது எங்கள் படம். லென்ஸை வைத்துப் பார்த்தால் அந்தப் பாதி இன்ஜினில் ஓரப்பாதையும் கம்பிக் கைப்பிடியும் தெரிகிறது. கனடா இன்ஜின். அந்த இடத்திலேயே 1948 செத்தது. சித்தப்பா அரை மனதாக ஒத்துக்கொண்டார், ஆனால் 1954 என்று வைத்துக்கொள்வோம் என்றார், பெரிய அத்தையை விட மனமில்லை. அதற்கு மேல் இன்ஜின் எனக்கு உதவவில்லை. பொடியன் காலில் ரப்பர் செருப்பு. அந்தப் பெண் கட்டியிருப்பது நைலெக்ஸ், முந்தானை பறந்து அப்பாயி தோளில் விழுந்திருக்கிறது, ரவிக்கைக் கை குட்டை. 1960களின் பிற்பாதி, தள்ளிப்போனால் எழுபதின் தொடக்கம். காலடியில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஒன்று, அந்தப் பெண் கழுத்தில் மாலை. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை எங்கே?

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள், நம் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று. சனம் கூட்டம் கூட்டமாகப் போக ஆரம்பித்தது 1960களின் கடைசியில். அட்டன், தலவாக்கலை, பதுளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாலை போட்டு, கட்டிப்பிடித்து அழுது, தலைமன்னாருக்கு ஏற்றிவிட்டார்கள், அங்கிருந்து கப்பல், அக்கரையில் இறங்கினால் மண்டபம் கேம்ப். ஒப்பாரிக் கோச்சி என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1984இல் கப்பல் நிற்கும்வரை இந்தப் பயணம் ஓடியது. தகரப் பெட்டியும் மாலையும் அழுது வீங்கிய கண்ணும் இருக்கும் மேடைப் படம் எந்த வீட்டில் இருந்தாலும் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சின்ன அத்தை கூடலூர்ப் பக்கம் இருக்கிறார். நடுவில் இருபது வருடம் தொடர்பு விட்டுப்போய் போன மாதம்தான் அவர் பேரன் வழியாக வாட்ஸ்அப்பில் பிடித்தோம். படத்தை அனுப்பினேன். வீடியோவில் வந்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. எந்த வருடம் அத்தை என்றேன். "வருசமெல்லாம் யாருக்குடா ஞாபகம்? அன்னைக்கு மழை." அந்தப் பொடியன் யார் என்று கேட்டதற்கு, யாரோ, படம் எடுக்கிறதைப் பார்த்து ஓடிவந்து நின்றான் என்றார்.

அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் சேலையிடம் நின்றுவிட்டார். அது அவருடையது இல்லையாம். மேல் லயத்தில், அந்த வரிசை வீட்டில், கடைசிக் காம்பராக்காரியுடையது, அவள் புதுசாக வாங்கி ஒரு தடவைகூடக் கட்டாதது, படம் எடுக்க மட்டும் என்று கேட்டு வாங்கியது. கோச்சி வந்ததும் அழுகையில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். "மண்டபம் கேம்ப்ல போய்த்தான்டா பார்த்தேன், அவ சேலையோடயே வந்துட்டேன்னு."