எச்சரிக்கை: 'டூ-கே' என்று விற்கும் கிளியர் ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவின் அடியில் பொத்தான் இல்லையென்றால் வாங்கிவிடாதீர்கள்

நேற்று இரவு என் ஒரு வாரச் சம்பளத்தைப் பழந்துணியால் துடைத்து எடுத்தேன். வீட்டிலேயே பெயின்ட் அடித்த சைக்கிள் ஃபிரேம். சீட்டைப் பிடிக்கும் கிளாம்ப்பை மாட்டி இறுக்கியதும் பெயின்ட் பாலாடை போல மடிந்து அதன் விளிம்பில் ஒதுங்கியது. பக்கத்தில் கிரீஸ் பட்டிருந்த இடத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு முறைதான் துடைத்தேன். துணி சிவந்துவிட்டது. ஃபிரேமில் அடிப்பூச்சு வெள்ளி பல்லை இளித்தது. 21 நாள் தொடாமல் காயவைத்த பெயின்ட் அது!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானே 'போகட்டும்' என்று விட்டுவிடுவேன்; பெயின்ட் விற்ற கடைக்காரனும் அதைத்தான் நம்பியிருக்கிறான்.

பழைய எஃகு ஃபிரேம். குழாய்கள் கூடும் லக் மூலைகளில் விரல் நுழையாது. உப்புத்தாளை நாடா நாடாகக் கிழித்து, முதுகு தேய்ப்பது போல இரு கைகளாலும் இழுத்து இழுத்துத்தான் பழைய பெயின்ட்டை எடுக்க வேண்டும். 120-ஆம் எண் தாளில் தொடங்கி 400 வரை வந்தேன். பெடல் அச்சு உட்காரும் கூட்டின் மரைகளில் பெயின்ட் இறங்காமல் டேப் ஒட்டினேன். வெறும் எஃகை இரவு முழுக்க விட்டால் துரு பூத்துவிடும் என்பதால் அன்றே பிரைமர். அதன்மேல் வெள்ளி, வெள்ளிமேல் கேண்டிச் சிவப்பு. கேண்டி என்பது சாயக் கண்ணாடி மாதிரி. ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் ஆழமாகும், கை ஓரிடத்தில் தயங்கினால் அங்கே திட்டு விழும். நான்கு பூச்சு, திட்டில்லாமல். இன்னொரு முறை என்னால் அப்படி அடிக்க முடியுமா என்று தெரியவில்லை. இவ்வளவும் நிலைப்பது கடைசியில் அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட்டின் கையில்தான் இருக்கிறது.

அதைத்தான் நன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று டூ-கே கிளியர் தேடினேன். பெயின்ட்டும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் தனித்தனியாக இருந்து, கலந்தபின் வேதிவினையால் இறுகும் வகை அது. இறுகிவிட்டால் தின்னரால்கூட எளிதில் கரையாது. ஸ்ப்ரே டப்பாவில் வருவதற்குப் பெரும்பாலும் அடியில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே ஹார்ட்னர் குப்பி திறந்து கலக்கும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இணையச் சந்தை ஒன்றில், வாகன பெயின்ட் மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் கடை. பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் திறப்பான். பிரைமர் முதல் கிளியர் வரை முழு செட், விலை என் ஒரு வாரச் சம்பளம். பெட்டி வந்ததும் கிளியர் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடி வழவழவென்று இருந்தது. உடனே செய்தி அனுப்பினேன்: "பொத்தானைக் காணோமே?"

இரண்டே நிமிடத்தில் பதில். "அண்ணா, நீங்கள் விவரம் தெரிந்தவர். இது புது வகை. நன்றாகக் குலுக்கினாலே உள்ளே கலந்துவிடும். நானே என் சைக்கிளுக்கு இதைத்தான் அடித்தேன்." கூடவே ஒரு படம், பளபளவென்று நீல ஃபிரேம். பிறகு கொக்கி: "21 நாள் தொடாதீர்கள் அண்ணா, அப்போதுதான் கல் மாதிரி இறுகும்."

'விவரம் தெரிந்தவர்' என்றதில் மயங்கிவிட்டேன். விவரம் தெரிந்தவன் அந்த இடத்திலேயே பெட்டியை மூடி ஒட்டியிருப்பான். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது என்று அதற்குரிய வடிகட்டி முகமூடி வேறு மாட்டிக்கொண்டு அடித்தேன். டப்பாவில் இல்லாத ஹார்ட்னருக்கு!

செட்டைத் திருப்பித்தரும் கெடு பத்து நாள். இப்போது அந்த 21-ஐ மறுபடி பாருங்கள்.

நேற்றிரவே படங்கள் அனுப்பினேன். இந்த முறை இரண்டு நிமிடமில்லை, ஐந்து மணி நேரம். அண்ணா போய் 'மதிப்புமிக்க வாடிக்கையாளர்' ஆகியிருந்தேன். காற்றில் ஈரம் அதிகமாக இருந்திருக்கும் என்றார்கள். இல்லை என்றேன். சரியாகக் குலுக்கியிருக்க மாட்டீர்கள் என்றார்கள். திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். திறக்காத இன்னொரு டப்பா இருக்கிறதே என்றால், செட்டைப் பிரித்து எடுப்பதில்லையாம். இணையச் சந்தையின் உதவிப் பிரிவோ, 'கெடு முடிந்துவிட்டது' என்று ஒரே வரியில் புகாரை மூடிவிட்டது. மறுபடி திறந்தேன். மறுபடி மூடினார்கள்.

அப்போதுதான் உறைத்தது. டூ-கே கலந்துவிட்டால் ஓரிரு நாளில் டப்பாவுக்குள்ளேயே இறுகிப்போகும். மூன்று வாரத்துக்கு முன் குலுக்கிய டப்பாவை எடுத்து ஓர் அட்டையில் அழுத்தினேன். புதிது போலப் பீய்ச்சியது. அதை வீடியோ எடுத்து அனுப்பினால் வந்த பதில் இது: "பார்த்தீர்களா, எங்கள் தயாரிப்பு நீண்ட நாள் கெடாது."

சிரிப்பதா, அழுவதா?

டப்பாவைச் சுற்றியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். ஸ்டிக்கர் மறைத்திருந்த எழுத்து: அக்ரிலிக், பொது உபயோகத்துக்கு. அதாவது கரைப்பான் ஆவியாகிக் காயும் சாதாரண வார்னிஷ். எதில் கரைந்திருந்ததோ அது மீண்டும் பட்டால் இளகிவிடும். டூ-கே என்று நம்பித் தடிமனாக அடித்தேன். மேல்தோல் மட்டும் காய்ந்து, அடியில் கரைப்பான் சிக்கிக்கொண்டது. 21 நாள் என்ன, 42 நாள் விட்டிருந்தாலும் கிளாம்ப்பைத் தாங்கியிருக்குமா என்பது சந்தேகமே.

உங்களுக்கு விரிவாக யோசனை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்ப்ரே டப்பாவில் டூ-கே என்றால் அடியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அன்றே உரித்துப் பாருங்கள். முதலில் ஒரு பழைய மட்கார்டில் அடித்து, சில நாள் கழித்துத் தின்னர் துணியால் தேயுங்கள். பூச்சு இளகினால் அதை ஃபிரேமில் அடிக்காமல், உடனே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். 'இத்தனை நாள் தொடாதீர்கள்' என்று எவனாவது சொன்னால் திருப்பித்தரும் கெடுவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களை அண்ணா என்று அழைத்தால் இரண்டு முறை பாருங்கள்.

ஒரு வாரச் சம்பளம். உழைப்பைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இளகிய பெயின்ட் உப்புத்தாளை நொடியில் அடைத்துவிடும் என்பதால் முதலில் தின்னரால் துடைத்தெடுக்க வேண்டும். இன்று காலை மேல்குழாய் முடிந்தது. லக் மூலைகள் அப்படியே இருக்கின்றன. தாளை நாடா நாடாகக் கிழித்து வைத்திருக்கிறேன்.