வில்லோடு எல்க் வேட்டைக்குப் போகிறவருக்கு எந்த மாநிலம்? அனுமதியும் நிலத்துக்குள் செல்லும் வழியும்

அமெரிக்காவின் ராக்கி மலை மாநிலங்களில் எல்க் மான் எவருடைய புல்வெளியில் மேய்ந்தாலும் அந்த நிலத்துக்காரரின் உடைமையாகிவிடாது. மக்கள் சார்பில் மாநில அரசே அதைப் பேணுகிறது. எத்தனை மான்களை, யார், எந்த ஆயுதத்தால், எந்த நாள்களில் வேட்டையாடலாம் என்பதையும் அரசே முடிவுசெய்கிறது. ஆனால் மான் நிற்கும் மண்ணில் யார் கால் வைக்கலாம் என்பதை வேலிக்குச் சொந்தக்காரர்தான் முடிவுசெய்கிறார். ஒரு மாநிலத்தை இன்னொன்றோடு ஒப்பிடும்போது பலரும் குலுக்கலில் அனுமதி கிடைக்கும் வாய்ப்பை மட்டும் பார்க்கிறார்கள். அந்த அனுமதியோடு எந்த நிலத்தில் நிற்கப்போகிறோம் என்ற கேள்வியைச் சேர்த்துப் பார்த்தால் வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடும்.

வில்லேந்துபவருக்கு இக்கேள்வி துப்பாக்கிக்காரரைவிட முக்கியமானது. துப்பாக்கிக்காரர் பொது நிலத்தின் ஓரத்தில் நின்றுகொண்டே தொலைவிலுள்ள மானைக் குறிவைக்க முடியும். வில்லுக்கோ பெரும்பாலும் நாற்பது கெஜத்துக்குள் நெருங்கியாக வேண்டும். காற்று திசை மாறினால் அன்றைய முயற்சி அத்தோடு போயிற்று. செப்டம்பரில் இணைசேரும் பருவத்தில் ஆண் எல்க் குரலெழுப்பித் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் நாள்களே வில் பருவத்தின் உயிர். அந்த நாள்களில் ஒரே பள்ளத்தாக்குக்குள் மீண்டும் மீண்டும் நுழைய முடிந்தால்தான் பலன் உண்டு. பொது நிலத்தில் ஆள் நடமாட்டம் கூடியதும் மந்தைகள் யாரும் நுழையாத தனியார் பண்ணைகளுக்கு நகர்ந்துவிடுவது அங்குள்ளோர் ஆண்டுதோறும் காணும் காட்சி.

கொலராடோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாட்டிலேயே மிகப் பெரிய எல்க் மந்தை அங்கு உள்ளது; நெடுங்காலம் குலுக்கலே இல்லாமல் கடையில் வாங்கக்கூடிய வில் உரிமம் அங்குதான் எளிதாகக் கிடைத்தது. பரந்த தேசியக் காடுகள் இருப்பதால் நிலமும் தட்டுப்பாடில்லை. தட்டுப்பாடு அமைதிக்குத்தான்: மலையடிவார வாகன நிறுத்தங்கள் நிரம்பி வழிய, மான்கள் தனியார் நிலத்துக்கு நழுவும். 25ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மேற்கே வெளிமாநிலத்தவருக்கான வில் உரிமங்கள் 2025 முதல் குலுக்கலுக்கு மாறியதற்கு இந்த நெரிசலே காரணம். நெரிசல் இல்லாத வடமேற்கு மூலைப் பகுதிகள் சிலவற்றுக்கோ குலுக்கலில் தோற்ற ஆண்டுக்கு ஒன்றாகச் சேரும் முன்னுரிமைப் புள்ளியை இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒரு மனிதர் தன் நல்ல வயதையெல்லாம் வரிசையில் கழித்துவிட்டு முழங்கால் தேய்ந்த பிறகு மலையேறும் இந்த ஏற்பாட்டை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மொன்டானாவில் உரிமம் வேறு, அனுமதி வேறு. பொது எல்க் உரிமத்தோடு வில்லுக்கான தனி உரிமமும் பெற்றவர், செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ ஆறு வாரம் பெரும்பாலான மாவட்டங்களில் வேட்டையாடலாம். வெளிமாநிலத்தவருக்கான கூட்டு உரிமங்கள் 17,000 என்று சட்டம் வரம்பிட்டிருக்கிறது. விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். முன்பு வழிகாட்டி நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கென ஒரு பங்கு உறுதியாக ஒதுக்கப்பட்டிருந்தது. 2010இல் மக்கள் வாக்கெடுப்பு அதை ஒழித்தது. இவற்றுக்கு மேல், பெரிய கொம்பு மான்கள் உள்ள மாவட்டங்களுக்குத் தனி அனுமதி தேவை. மிசௌரி ஆற்றின் உடைந்த கரைப்பகுதியான பிரேக்ஸில் முன்பு கேட்டவர்க்கெல்லாம் வில் அனுமதி கிடைத்தது. 2008இல் அங்கும் கிழக்கு மாவட்டங்கள் சிலவற்றிலும் எண்ணிக்கை வரம்பு வந்தது. வெளிமாநில வில்லாளிகள் பெருகியதும், வழிகாட்டி நிறுவனங்கள் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்து உள்ளூர்க்காரருக்குக் கதவடைத்ததும் அதன் பின்னணி. பண்ணையாளர்கள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது; அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

அனுமதி கையில் இருந்தும் நிலம் கிட்டாத நிலையை மொன்டானா இரண்டு வழிகளில் தளர்த்துகிறது. முதலாவது, 1985இல் தொடங்கிய பிளாக் மேனேஜ்மென்ட் திட்டம். பண்ணையாளர் தம் நிலத்தை வேட்டைக்குத் திறந்துவிடுகிறார். வந்துபோகும் வேட்டைக்காரர்களின் அளவைப் பொறுத்து மாநிலம் அவருக்குப் பணம் தருகிறது. வேட்டைக்காரர் எதுவும் தர வேண்டியதில்லை. சில பண்ணைகளில் வாசலிலுள்ள பெட்டியில் பெயரெழுதிப் போட்டுவிட்டு உள்ளே போகலாம். சிலவற்றில் முன்பதிவு வேண்டும். சுமார் எழுபது லட்சம் ஏக்கர் இப்படித் திறந்திருக்கிறது. வெளிமாநிலத்தவர் செலுத்தும் உரிமக் கட்டணத்தின் ஒரு பகுதி இதற்குச் செல்கிறது என்பதால், அவர்கள் கொடுக்கும் அதிக விலையில் ஓரளவு வேலிக் கதவாகவே திரும்பி வருகிறது எனலாம். இரண்டாவது, சட்டமன்ற மசோதாவின் எண்ணால் 454 ஒப்பந்தம் என்று அழைக்கப்படுவது: பொது வேட்டைக்காரர் சிலரைக் கட்டணமின்றி உள்ளே விடும் பண்ணையாளருக்குக் குலுக்கல் இல்லாமல் அனுமதி கிடைக்கும். ஒரு அனுமதிக்கு நான்கு பொது வேட்டைக்காரர் என்றிருந்த விகிதம் 2021இல் மூன்றாகக் குறைக்கப்பட்டது. அந்த அனுமதியை அவர் சந்தையில் விற்க முடியாது. நியூ மெக்சிகோவிலிருந்து மொன்டானாவைப் பிரிக்கும் கோடு இதுதான்.

அந்த மாநிலம் கோட்டுக்கு மறுபுறத்தில் நிற்கிறது. புள்ளிச் சேமிப்பே இல்லாத தூய குலுக்கல் அங்கு நடக்கிறது. இன்று விண்ணப்பிக்கும் இளைஞருக்கும் இருபது ஆண்டு முயன்றவருக்கும் ஒரே வாய்ப்பு. புதியவருக்கு இதைவிட நேர்மையான முறை இங்கே பேசும் கொலராடோ, மொன்டானா, நியூ மெக்சிகோ, வயோமிங் நான்கில் இல்லை. ஆனால் பங்கீட்டைப் பார்த்தால் 84 விழுக்காடு உள்மாநிலத்தவருக்கு, 10 விழுக்காடு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டவருக்கு, மீதி 6 விழுக்காடு மட்டுமே தாமாக வரும் வெளிமாநிலத்தவருக்கு. குலுக்கலுக்கு வெளியே, இப்ளஸ் எனப்படும் திட்டத்தின்கீழ் நில உரிமையாளர்களுக்கு அரசு அங்கீகாரச் சீட்டுகள் தருகிறது. அவர்கள் அவற்றை யாருக்கும் எந்த விலைக்கும் விற்கலாம். நல்ல பகுதியின் சீட்டு பல ஆயிரம் டாலருக்குப் போகும். மக்களின் மான் என்று சட்டம் சொல்வதும், அதற்கான சீட்டு ஏலப் பொருள்போல் கைமாறுவதும் ஒரே மாநிலத்தில் நடக்கின்றன.

இருந்தாலும் இப்ளஸை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சீட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று அந்தப் பண்ணைக்குள் மட்டும் செல்லும். மற்றொன்று பகுதி முழுவதற்கும் செல்லும். அதைப் பெறும் உரிமையாளர், அந்தப் பகுதிக்குக் குலுக்கலில் அனுமதி பெற்ற பொது வேட்டைக்காரர்களையும் தம் நிலத்தில் அனுமதித்தாக வேண்டும். கிலா தேசியக் காட்டை ஒட்டிய சிறு பண்ணைகள் பல இவ்வாறு திறந்திருந்தால், நீரும் புல்லும் உள்ள தாழ்நிலத்துக்குக் குலுக்கல்காரரும் பணமில்லாமல் போய்விட முடிகிறது. மொன்டானா வேலியைத் திறக்கப் பணத்தைக் கொடுக்கிறது. நியூ மெக்சிகோ அனுமதியையே பணமாக்கிக் கொடுக்கிறது. பின்னதில் அரசின் கஜானா குறையாது, ஆனால் குலுக்கலுக்குப் போகும் அனுமதிகள் குறையும். அந்தச் செலவைச் சுமப்பவர் தோற்ற விண்ணப்பதாரர். அவர் பெயர் எந்த வரவுசெலவுக் கணக்கிலும் வருவதில்லை.

வயோமிங்கில் சிக்கல் வேறு விதமானது. வெளிமாநிலத்தவர் வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் ‘வில்டர்னஸ்’ (சாலையில்லாத, பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி) என்று கூட்டரசு அறிவித்த இடங்களில் பெருவிலங்கு வேட்டைக்குப் போக முடியாது. எனவே மிகச் சிறந்த பொது நிலத்தின் ஒரு பங்கு தொடக்கத்திலேயே கைவிட்டுப் போகிறது. மற்றொரு பங்கு, ரயில்பாதைக்காக 1862 முதல் மானியமாகக் கொடுக்கப்பட்ட சதுரங்கப் பலகை நிலங்களில் சிக்கிக் கிடக்கிறது: 640 ஏக்கர் தனியார் கட்டம், அடுத்தது பொதுக் கட்டம் என்று மாறி மாறி வர, பொதுக் கட்டங்கள் ஒன்றையொன்று மூலையில் மட்டும் தொடும். 2021இல் எல்க் மலை அருகே மிசௌரி மாநில வேட்டைக்காரர் நால்வர் அத்தகைய மூலையில் ஏணி வைத்து, தனியார் மண்ணில் கால் படாமல் பொது நிலத்திலிருந்து பொது நிலத்துக்குத் தாண்டினார்கள். அத்துமீறல் குற்றச்சாட்டிலிருந்து ஜூரி அவர்களை 2022இல் விடுவித்தது. உரிமையாளர் தொடுத்த சிவில் வழக்கில், பொது நிலத்துக்குப் போகும் வழியை மறிப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, கூட்டரசின் 10ஆவது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

இந்தத் தீர்ப்பு ஒப்பீட்டையே புரட்டிப் போடுகிறது. வயோமிங், கொலராடோ, நியூ மெக்சிகோ மூன்றும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகின்றன. மொன்டானாவோ 9ஆவது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் இருப்பதால் தீர்ப்பு அதைக் கட்டுப்படுத்தாது. மூலை தாண்டுவது சட்டவிரோதம் என்றே அந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறை இன்றும் சொல்கிறது. டர்ஃபீ குன்றுகள் என்ற பொது நிலத்தைத் தனியார் பண்ணை சூழ்ந்திருப்பதால், அங்கே எல்க் தேடுவோர் சிறு விமானத்தில் போய் இறங்குகிறார்கள்.

ஆகவே என் தேர்வு இப்படி அமையும். அடுத்த செப்டம்பரிலேயே போக வேண்டிய, வழிகாட்டிக்குப் பணமில்லாத வெளிமாநிலத்தவர் மொன்டானாவின் பொது உரிமத்துக்கு விண்ணப்பித்து, பிரேக்ஸ் அனுமதியின் மீதுள்ள ஆசையை ஒதுக்கிவிட்டு, பிளாக் மேனேஜ்மென்ட் வரைபடத்தை முதலில் படிக்கட்டும். நியூ மெக்சிகோ குலுக்கலிலும் ஆண்டுதோறும் பெயர் கொடுக்கலாம். புள்ளி இல்லாததால் தோற்ற ஆண்டில் வரிசையில் பின்தங்குவதும் இல்லை. வயோமிங்கைத் தேர்பவர் உரிமப் பகுதியைக் குறிக்கும் முன் கட்டங்கள் எந்த மூலையில் தொடுகின்றன என்று பார்த்துக்கொள்வதும், அந்த மூலையைக் குறிக்கும் நில அளவைக் குறியைத் தரையில் துல்லியமாகக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதும் நல்லது. நீதிமன்றம் காத்தது தனியார் மண்ணை மிதிக்காமல் தாண்டியவர்களைத்தான்.