பால் லோடுக்கு ரிக்‌ஷா டயர்: போட்டு ஓட்டிப் பாத்ததுல சொல்றேன்

பட்டீஸ்வரம் பக்கத்துலேர்ந்து தாராசுரம் வழியா கும்பகோணத்துக்கு தினமும் சைக்கிள்ல பால் கொண்டு போறேன். பழைய 28 இஞ்ச் வண்டி, கேரியர்ல ரெண்டு பக்கமும் 20 லிட்டர் கேன். 40 லிட்டர் பாலே 41 கிலோ வரும், கேன் எடையும் சேத்தா ஐம்பதத் தொடும், அதுக்கு மேல ஆளு, வண்டி, எல்லாம் கூட்டிப் பாத்தா பின் சக்கரம் மட்டுமே நூறு கிலோ பக்கம் சுமக்குது. இப்படி ஓட்டுறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். ஸ்கூலுக்கும் கோயிலுக்கும் போயிட்டு வர்ற சைக்கிளுக்கு சாதா டயரே தாராளம்.

நான் இப்ப பின்னாடி போட்டிருக்கிறது ரிக்‌ஷா டயர். 28 x 1½ தான், நம்ம சாதா சைக்கிள் டயரோட அதே சைஸ், ஆனா உள்ள நூல் அடுக்கு கூட, சைடு தடிமன், கையில தூக்கினாலே வெயிட்டு தெரியும். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனா வருசத்துக்கு எத்தன தடவ டயர் மாத்துறோம், எத்தன நாளு பால் நேரத்துக்குப் போய் சேராம டீக்கடைக்காரர்கிட்ட பேச்சு வாங்குறோம்னு கணக்குப் பாத்தா இதுதான் மலிவு.

லோடு வண்டியில பின் டயர் எங்க போகுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? பட்டன், அதாவது ரோட்டுல படுற மேடு, தேஞ்சு மொட்டையாகி போறது கம்மி, அதுக்கு முன்னாடியே சைடுல நூல் விட்டு உப்பிக்கும், ஒரு நாள் வெயில்ல டமார்னு வெடிக்கும். ஆனா கடைக்குப் போனா எல்லாரும் பாக்குறது பட்டன் எவ்வளவு ஆழமா இருக்குன்னுதான். நான் வழக்கமா போற சைக்கிள் கடை அண்ணன் சொல்லுவாரு, "தம்பி பட்டன விடு, சைட அமுக்கிப் பாரு"ன்னு. கட்டவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சைட வச்சு நல்லா மடிச்சுப் பாருங்க. சாதா டயர் காகிதமாட்டம் மடியும், ரிக்‌ஷா டயர் விரலையே தள்ளும். மடிச்ச இடத்துல மேல ரப்பர் பொடிப்பொடியா வெடிச்சு கோடு விழுந்துச்சுன்னா அது பழைய ஸ்டாக், வெயில்ல கிடந்தது, வைங்க கீழ. கடை வாசல்ல மாலையாட்டம் தொங்கவிட்டிருக்கிறத எடுக்காதீங்க, உள்ள நிழல்ல இருக்கிறதக் கேட்டு வாங்குங்க.

பட்டன் விசயத்துல இன்னொண்ணு. பெரிய பெரிய கட்டை வச்ச மலை சைக்கிள் மாதிரி டயரு நம்ம ஊருக்கு வேலைக்கே ஆகாது, தார் ரோட்டுல வண்டிய இழுத்துப் பிடிக்கும், ஐப்பசி கார்த்திகையில வாய்க்கா கரையில போனா களிமண்ணு கட்டைக்கு கட்டை அப்பிக்கிட்டு மட்கார்டுல அடைச்சு சக்கரமே நிக்கும். ரிக்‌ஷா டயர்ல நடுவுல பட்டையா கோடு மட்டும்தான், மண்ணு அவ்வளவா தங்காது.

முள்ளு பத்தி சொல்லணும். ஆத்தங்கரை பூரா சீமைக்கருவை, வெட்டிப் போட்ட கிளை ரோட்டு ஓரமே கிடக்கும், மழையில ரப்பர் ஈரமா இருக்கறப்ப முள்ளும் கண்ணாடியும் இன்னும் சுளுவா இறங்கும். இந்த டயர்ல ரப்பர் தடிமன்ங்கிறதால சின்ன முள்ளு பாதியிலேயே நின்னுடுது, ஆனா பெரிய கருவமுள்ளு நேரா நின்னா எந்த டயரும் தாங்காது, பஞ்சரே ஆவாதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. பஞ்சர் ஒட்டும்போது டியூப மட்டும் ஒட்டிட்டு மாட்டிடாதீங்க, முள்ளு நுனி ஒடிஞ்சு டயருக்குள்ளயே நிக்கும், கையால தடவினா தெரியாது, கொஞ்சம் பஞ்சு எடுத்து உள்பக்கமா ஒரு சுத்து தடவுங்க, நுனி இருக்கிற இடத்துல பஞ்சு மாட்டிக்கும், கொறடால வெளிய இழுத்துட்டு அப்புறம் மாட்டுங்க. சில பேரு பழைய டியூப நீளமா கிழிச்சு டயருக்கும் டியூபுக்கும் நடுவுல வைப்பாங்க. முள்ளுக்கு நல்லதுதான், ஆனா அந்த துண்டோட முனை டியூப உரசி உரசியே ஓட்டை போடும், அதனால தடிமனான டயரே நேரா போட்டுடுறது மேல்ங்கிறது என் கருத்து.

தை மாசியில சம்பா அறுப்பு நேரம் வேற கூத்து. பாதி ரோட்டுல நெல்லு காயப் போட்டு ஓரத்துல கல்லு அடுக்கியிருப்பாங்க, நெல்ல அள்ளிட்டு கல்ல விட்டுட்டுப் போயிடுவாங்க, விடியக்காலம் இருட்டுல அதுல சைடு உரசிட்டுப் போறதுக்கு இந்த தடிச்ச சைடு இருக்கிறது பெரிய நிம்மதி.

குறையும் இருக்கு. கிளம்பும்போது மிதிக்க கனமா இருக்கும், பாலம் ஏத்தத்துல நல்லாவே தெரியும். லோடு இல்லாம வெறும் வண்டியா திரும்பி வரும்போது குலுக்கும், முட்டை, தக்காளி ஏத்துறவங்க யோசிச்சு வாங்குங்க. மாட்டுறது சிரமம், ரெண்டு லீவர் வேணும், புதுசுல ஓரம் விரிஞ்சே குடுக்காது. எல்லா கடையிலயும் இருக்காது, சொல்லி வச்சுதான் வாங்கணும்.

ஆன்லைன்ல வாங்குறவங்க சைஸ்ல உசாரா இருங்க, இதுல நிறைய பேரு ஏமாறுறாங்க. 28 x 1½ டயரோட உள் விட்டம் 635 மில்லிமீட்டர். 700சின்னு விக்கிற டயரையும் சில இடத்துல 28 இஞ்ச்னு போடுறான், அது 622, நம்ம ரிம்முக்கு ஏறவே ஏறாது. 26லயும் அப்படித்தான், 26 x 1⅜ன்னா 590, 26 x 1.75ன்னா 559. டயர் சைடுல 40-635ன்னு ரெண்டு நம்பரா அச்சடிச்சிருக்கும், முதல் நம்பர் அகலம், ரெண்டாவது விட்டம், பழைய டயர்ல அதப் பாத்து அதே ரெண்டாவது நம்பர வாங்குங்க. 622, 559 ரிம் வச்சிருக்கிறவங்களுக்கு ஷ்வால்பே மாரத்தான் பிளஸ்னு ஜெர்மன் கம்பெனி டயர் ஒண்ணு இருக்கு, பட்டனுக்கு அடியில 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு ரப்பர் பட்டை வச்சது, முள்ளுக்கு அது ரொம்ப நல்ல டயர், விலைதான் பால் விக்கிறவனுக்குக் கட்டாது.

எந்த டயர் போட்டாலும் காத்து கம்மியா ஓட்டினா சைடு மடிஞ்சு மடிஞ்சு நூல் அறுந்துடும், கூடவே போக்ஸ் கம்பியும் போகும், ரிம்முல கோட்டம் விழும். லோடு ஏத்தினப்புறம் குனிஞ்சு பின் டயரப் பாருங்க, தரையில சப்பையா உக்காந்திருந்தா பம்பு எடுங்க.

முன்னாடிக்கு ரிக்‌ஷா டயர் வேண்டாம், நல்ல நைலான் டயர் போதும், ஹேண்டில் லேசா இருக்கும். ஆனா பின்னாடி தேஞ்சத முன்னாடி மாத்திப் போட்டு ஓட்டுறாங்க பாருங்க, அத மட்டும் செய்யாதீங்க, பின் டயர் வெடிச்சா வண்டிய நிறுத்திடலாம், முன் டயர் வெடிச்சா ஆள் விழுந்து கேன் மேல வரும். டயர் வாங்கும்போதே வால்டியூப், அதான் வால்வுக்குள்ள மாட்டுற சின்ன ரப்பர் குழாய், நாலு அஞ்சு சேத்து வாங்கிக்கங்க, வெயில்ல அதுதான் முதல்ல இத்துப் போகுது, காத்து நிக்கலன்னா டயரப் பிரிக்கிறதுக்கு முன்னாடி வால்வு மேல எச்சி தொட்டு வச்சு குமிழி வருதான்னு பாத்துக்கங்க.