ஜிபிஜி, கிளியோபாட்ரா: பல வருடம் பயன்படுத்திய பிறகு

சேலம் ஐந்து ரோடு பக்கம் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். ஏற்காட்டில் சில பள்ளிகளுக்கும் எஸ்டேட் ஆபீஸ்களுக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுப்பதும் என் வேலைதான். இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைலின் (லினக்ஸை நிறுவ உதவும் முழு டிஸ்க் பிரதி) டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்க்காமல் பென்டிரைவில் ஏற்றுவதில்லை என்பது பல வருடப் பழக்கம். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் மென்பொருள்தான் ஜிபிஜி. லினக்ஸில் டெர்மினலிலேயே அது இருக்கிறது. விண்டோஸுக்கு, ஜிபிஜியின் விண்டோஸ் தொகுப்பான ஜிபிஜி4வின்னோடு சேர்ந்து வரும் கிளியோபாட்ரா. அதே வேலையை மவுஸால் செய்யலாம்.

செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அதற்கும் பயன் உண்டு. மழை பிடித்துக்கொண்டால் மலையில் நெட் விட்டுவிட்டுத்தான் வரும். ஃபைல் அரைகுறையாக இறங்கியிருந்தால் ஷா256 முறையில் கணக்கிட்ட அந்த எண் ஒத்துப்போகாது, உடனே தெரிந்துவிடும். ஆனால் ஃபைலை மாற்றியவனே பக்கத்தில் இருக்கும் எண்ணையும் மாற்றி வைத்தால்? 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பை, பின்கதவு (வெளியாள் ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த வேறொரு ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளமே அடுத்தவன் கையில் இருக்கும்போது அங்கே போட்டிருக்கும் எண்ணை எதை வைத்து நம்புவது? கையொப்பம் போட உருவாக்கியவரின் ரகசியக் கீ வேண்டும். தளத்தைப் பிடித்தவன் கையில் அது தானாக வந்துவிடாது. சரிபார்க்கும் நமக்கு அதன் ஜோடியான பொதுக் கீ போதும், அதை எல்லோருக்கும் கொடுப்பார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உபுன்டு, மின்ட் ஆகிய இரண்டு லினக்ஸ் வகைகளிலும் கையொப்பம் இருப்பது ஐஎஸ்ஓ மேல் இல்லை, செக்சம் பட்டியலின் மேல். பட்டியலைச் சரிபார்த்துவிட்டு அத்தோடு நிறுத்தினால் வேலை பாதியில் நிற்கிறது. ஐஎஸ்ஓவின் எண்ணைக் கணக்கிட்டு அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் முழுமை.

இனி எல்லோரும் தடுமாறும் இடம். ஜிபிஜி 'குட் சிக்னேச்சர்' என்று சொல்லும், அடுத்த வரியிலேயே இந்தக் கீ நம்பகமானவர் யாராலும் சான்றளிக்கப்படவில்லை என்று எச்சரிக்கும். கிளியோபாட்ராவிலும் எல்லாம் சரி என்று காட்டும் பச்சை நிறம் வராது. ஏற்காட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"பச்சை வரலீங்களே, ஃபைல் கெட்டுப்போச்சுங்களா?"

"ஃபைல் நல்லாத்தான் இருக்குதுங்க சார். இந்தக் கீ நெசமாலுமே அவங்களோடதான்னு நீங்க இன்னும் கிளியோபாட்ராவுக்குச் சொல்லலை, அவ்வளவுதான்."

அந்த எச்சரிக்கை எனக்கு மிகவும் பிடித்த வரி. கணக்கு சரியா என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கீ யாருடையது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். எந்தப் பெயரையும் போட்டு யாரும் ஒரு கீ உருவாக்கலாம். ஃபிங்கர்பிரின்ட் என்ற, கீயின் அடையாள எண்ணில் கடைசி 8 இலக்கத்தை மட்டும் பார்ப்பதும் வீண்: அதே 8 இலக்கம் வரும்படி போலிக் கீயைச் சில நொடிகளில் செய்ய முடியும் என்று 2014-லேயே காட்டிவிட்டார்கள். ஃபிங்கர்பிரின்டின் 40 இலக்கத்தையும், நாலு நாலாகப் பிரித்து, வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள்.

அந்த 40 இலக்கத்தை ஃபைல் வந்த வழியிலேயே வாங்கக்கூடாது. ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் உபுன்டு மெஷின் இருந்தால் அதோடு வரும் உபுன்டு-கீரிங் என்ற கீகளின் தொகுப்பில் ஐஎஸ்ஓ கீயும் இருக்கிறது. என் முதல் தேர்வு அதுதான். மற்றவற்றுக்கு, முன்பு சரிபார்த்தவற்றை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். புதிய கீ என்றால் மொபைல் டேட்டாவில் ஒருமுறை, கடை பிராட்பேண்டில் ஒருமுறை, வெவ்வேறு தளங்களில் பார்க்கிறேன். ஒத்துப்போன பிறகே கிளியோபாட்ராவில் சான்றளிக்கிறேன், அதுவும் எனக்கு மட்டும் என்ற தேர்வில். அதற்கு உங்களுக்கென்று ஒரு கீ ஜோடி முதலில் வேண்டும். பச்சை வரட்டும் என்பதற்காகவே சான்றளித்தால் இந்தச் சோதனைக்கே பொருள் இல்லை.

கிளியோபாட்ராவின் குறை அதன் செய்திகள். கீ கைவசம் இல்லாததும் கையொப்பம் தவறானதும் முற்றிலும் வேறு விஷயங்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல் பயம் காட்டுகின்றன. கீ காலாவதி என்று வந்தாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் உரியவர் காலக்கெடுவை நீட்டியிருப்பார், நம்மிடம் இருப்பது பழைய பிரதியாக இருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, ஃபைலைச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பது தெரியவந்தது. கையொப்பம் அசல்தான், போட்டவரே பின்கதவையும் வைத்தவர். எஸ்எஸ்எச் லாகின் (வேறு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைவது) அரை நொடி தாமதமானதைத் துருவிப் பார்த்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தார். ஃபைல் யாரிடமிருந்து வந்தது என்பதைத்தான் கையொப்பம் சொல்லும். அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாது.

இத்தனைக்குப் பிறகும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். விண்டோஸில் தொடங்குபவர்கள் ஜிபிஜி4வின் இன்ஸ்டாலரை ஓட்டும் முன்பே அதன் ப்ராப்பர்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பகுதியைத் திறந்து, கையொப்பமிட்டவர் பெயரையும் சான்றிதழ் விவரத்தையும் ஜிபிஜி4வின் தளம் வெளியிட்டிருப்பதோடு ஒப்பிட்டுவிடுங்கள்.