ரிவரில் கால் போடுவதா, சீட்டை வீசுவதா: ஆளைப் படிப்பதும் பந்தயத்தைப் படிப்பதும்

போக்கர் மேசையில் ரிவர், அதாவது கடைசிப் பொதுச் சீட்டு, விழுந்தாயிற்று. எதிராளி மூன்றாவது முறையாகப் பந்தயம் கட்டுகிறார். உங்களிடம் ஒரே ஒரு ஜோடி. இனி எந்தச் சீட்டும் வந்து காப்பாற்றாது. அவரிடம் நல்ல சீட்டு இருக்கிறதா, இல்லாமலே மிரட்டிப் பிளஃப் அடிக்கிறாரா என்பதுதான் கேள்வி. அதைப் பொறுத்துத்தான் கால் போடுவது (அவர் கட்டிய தொகையை நீங்களும் போட்டுப் பார்ப்பது), அல்லது சீட்டை வீசி விலகுவது. ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டும் மேசையில் ஐந்து பொதுச் சீட்டும் வைத்து ஆடும் டெக்சாஸ் ஹோல்டெமில் இதற்கு விடை தேட இரண்டு வழிகள்: ஆளைப் படிப்பது, பந்தயத்தைப் படிப்பது.

ஆளைப் படிக்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது முகத்தை. அதுதான் மோசமான சாட்சி. 2013-இல் மைக்கேல் ஸ்லெபியனும் சக ஆய்வாளர்களும் உலகத் தொடர் போக்கர் (World Series of Poker) காட்சிகளை மாணவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் சீட்டின் வலுவைக் கணிக்க முடியவில்லை. சிப்ஸைத் தள்ளும் கைகளை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கைவிட நன்றாகவே சொன்னார்கள். ஆகவே கண் விரல்களில் இருக்கட்டும். விரல் நடுங்கினால் பயந்துவிட்டார் என்று புதியவர்கள் கால் போடுவார்கள். பெரும்பாலும் அது பெரிய சீட்டு அமைந்த படபடப்பு. சிலருக்கு எப்போதுமே கை நடுங்கும். அதனால் நீங்கள் சீட்டை வீசிவிட்டுச் சும்மா இருக்கும் சுற்றுகளில் அவருடைய இயல்பைப் பார்த்து வைக்காவிட்டால் இந்த வழியால் பயனே இல்லை.

பந்தயத்தைப் படிப்பது அலுப்பான வேலை, ஆனால் ஏமாற்றாது. ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேசையில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் 8, டைமண்ட் 4, ஆர்ட்டின் ஜாக்கி, கிளாவர் 2. உங்களிடம் கிளாவர் ராஜா, கிளாவர் 10. முதலிலிருந்தே ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) வந்தவர், நடுவே சேர்ந்த பணம் 1000 இருக்கும்போது 600 கட்டுகிறார். நீங்களும் 600 போட்டால் மொத்தம் 2200, அதில் உங்கள் 600 என்பது 27.3 சதவீதம்; அதற்கு மேல் அவர் பிளஃப் என்றால் கால் போடுவது லாபம்.

மேசையிலும் உங்கள் கையிலும் இருப்பவை போக, அவரிடம் என்னென்ன இரண்டு சீட்டுகள் எத்தனை விதமாக இருக்கலாம் என்று இப்போது எண்ணுங்கள். உங்களை வெல்லும், இப்படி மூன்று முறை கட்டக்கூடிய சீட்டுகள்: ஏஸ் ஜோடி 6 விதம், ராஜா ஜோடி 1, ஜாக்கி ஜோடி 3, எட்டு 3, நான்கு 3, ராஜா-ஜாக்கி 6, ஏஸ்-ராஜா 8. ஆக 30. ராஜா-ராணி இருந்தால் இந்த இடத்தில் பந்தயம் கட்டாமல் செக் செய்துவிடுவார் என்று கொள்வோம். கலர் (ஒரே இனத்தில் ஐந்து) சேராமல் போனதால் பிளஃப் அடிக்கக்கூடிய இஸ்பேட் இரட்டைகள்: ஏஸுடன் ராணி, 10, 9, 7, 6, 5, 3, பிறகு ராணி-10, ராணி-9, 10-9, 7-6, 6-5. ஆக 12. நாற்பத்திரண்டில் பன்னிரண்டு, 28.6 சதவீதம். கால் போடலாம்.

உங்கள் 10 கிளாவராக இல்லாமல் இஸ்பேடாக இருந்திருந்தால்? ஏஸ்-10, ராணி-10, 10-9 மூன்றும் அவரிடம் இருக்க வழியில்லை. முப்பத்தொன்பதில் ஒன்பது, 23.1 சதவீதம். வீச வேண்டியதுதான். அதே ராஜா ஜோடி, அதே பந்தயம், ஒரு சீட்டின் இனம் மட்டும் முடிவைத் திருப்பிவிடுகிறது. எந்த முகமும் இதைச் சொல்லாது.

கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. அந்தப் பன்னிரண்டையும் வைத்து அவர் ரிவர் வரை பிளஃப் அடிப்பார் என்று வைத்துத்தான் 28.6 வந்தது. பாதியைக் கைவிடுகிறவர் என்றால் முப்பத்தாறில் ஆறு, 16.7 சதவீதம்தான். சின்னப் பந்தய மேசைகளில் மூன்றாவது முறையும் பிளஃப் அடிக்கத் துணிகிறவர்கள் குறைவு. அங்கே கணக்கு கால் போடச் சொன்னாலும் சீட்டை வீசுவதே நல்லது. ஆளைப் படிப்பதன் உண்மையான பயன் இதுதான்: கண்ணையும் மூக்கையும் பார்ப்பதைவிட, எவ்வளவு தூரம் பிளஃபைத் தொடர்கிறவர் என்று தெரிந்து வைப்பது.

2003 உலகத் தொடர் போக்கரின் இறுதியில் இருவர் மட்டும் மோதியதைப் பாருங்கள். மேசையில் இஸ்பேட் 9, டைமண்ட் 2, இஸ்பேட் 6, இஸ்பேட் 8, ஆர்ட்டின் 3. சாம் ஃபார்ஹாவிடம் இஸ்பேட் ராணியும் ஆர்ட்டின் 9-உம். கிறிஸ் மணிமேக்கர் ரிவரில் எல்லாவற்றையும் தள்ளினார். கலர் தவறிவிட்டது போலிருக்கிறதே என்று ஃபார்ஹா வாய்விட்டே சொன்னார். சரியாகத்தான் படித்தார்: மணிமேக்கரிடம் இருந்தது இஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் 7-உம், கலரும் சேரவில்லை, ஐந்து எண் வரிசையும் சேரவில்லை. ஆனாலும் ஃபார்ஹா 9 ஜோடியை வீசிவிட்டார்.

இரண்டும் முரண்பட்டால் எங்கள் வரிசை இதுதான். கணக்கு தேவையான சதவீதத்திலிருந்து ஐந்து புள்ளிக்கு மேல் விலகி நின்றால் ஒற்றைக் கை அசைவை நம்பி மாற்றாதீர்கள். மேலே பார்த்த 28.6 போல ஓரத்தில் நின்றால், ஏற்கெனவே பார்த்து வைத்த அசைவு முடிவு செய்யட்டும். அப்படி எதுவும் பார்த்து வைக்கவில்லையா, கணக்குப்படியே போங்கள்.