லெஸ்வோஸ் தீவில் பறவைப் படப் பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

கிரீஸின் லெஸ்வோஸ் தீவில் பறவைகளைப் படமெடுக்கக் கற்றுத்தருகிறோம் என்று ஆள் சேர்க்கும் ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டி ஏமாந்துவிட்டேன். புகார் இன்னும் முடியவில்லை, அதனால் பெயரைச் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தீவின் மேல் ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை, ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே போகும் பறவைகள் அங்கே இறங்கி இளைப்பாறும். கல்லோனி உப்பளத்தில் பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் கோணமூக்கு உள்ளானும் கூட்டமாக நிற்கும், ஆற்றோர நாணலில் குருகு, மின்கம்பியில் பஞ்சுருட்டான். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

விளம்பரத்தில் ஆறு பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்றார்கள். வந்து இறங்கினால் பதினான்கு பேர், இரண்டு வேன். விளம்பரத்தில் படம் போட்டிருந்த புகைப்படக்காரர் வரவேயில்லை, அவருக்குப் பதில் வந்தவர் முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் 600 எம்எம் லென்ஸில் தனக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் எடுத்த படங்களை அலசுவோம் என்ற பேச்சே எழவில்லை.

உப்பளத்துக்கு எங்களைக் கூட்டிப்போனது காலை பதினொரு மணிக்கு. வெயில் ஏறிய உப்புப் பாத்திகளுக்கு மேல் காற்று கொதித்து அலையடிக்கும். அந்தக் கானலுக்குள் தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் எவ்வளவு விலை உயர்ந்ததை வைத்தாலும் பூநாரையின் கண் கூர்மையாக விழாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டு, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்று என்று பதிலுக்கு வந்த பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருந்தார், அது எதற்கும் உதவவில்லை. விடிந்த கையோடு போயிருக்க வேண்டும், வண்டியை மறைவிடமாக வைத்து உள்ளிருந்தே எடுத்திருக்க வேண்டும். அங்குள்ள பறவைகள் கார்களுக்குப் பழகியவை, ஆள் இறங்கினால்தான் பறக்கும். எங்கள் வேனிலிருந்து எல்லோரையும் இறங்கச் சொன்னார், பக்கத்திலிருந்த உள்ளான்கள் அத்தனையும் கத்திக்கொண்டு எழும்பிவிட்டன. வெள்ளை இறகு வெளுத்துப்போகாமல் எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை) எவ்வளவு குறைப்பது என்று கேட்டவருக்கு, வீட்டில் மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம் என்று பதில்.

இதெல்லாம்கூடப் பணத்தோடு போகட்டும். என்னால் பொறுக்க முடியாதது அக்லதேரி பைன் காட்டில் நடந்ததுதான். க்ரூப்பர் நட்ஹேட்ச் என்ற சிறு பறவை, ஐரோப்பாவில் அதைப் பார்க்க எல்லோரும் வருவது இந்தத் தீவுக்குத்தான். பட்ட பைன் மரத்தில் பொந்து குடைந்து கூடு வைக்கும். அந்தப் பொந்துக்குச் சில அடி தள்ளி ஒரு ஸ்பீக்கரை வைத்து, அதே பறவையின் குரலை விடாமல் ஓடவிட்டார் அந்தப் பயிற்சியாளர். ஆண் பறவை எதிரி வந்துவிட்டது என்று அலகில் புழுவோடு அடிமரத்தில் மேலும் கீழும் ஓடியது, ஸ்பீக்கரின் மேலேயே போய் உட்கார்ந்தது, உள்ளே குஞ்சுகள் கத்துவது எங்களுக்கே கேட்டும் அது பொந்துக்குள் போகவில்லை. நிறுத்துங்கள் என்றேன். "எல்லாரும் ஒரு நல்ல படம் எடுத்துக்கட்டும், அப்புறம் நிறுத்தறேன்" என்றார். நான் கேமராவை மூடிவிட்டு வேனுக்குத் திரும்பிவிட்டேன், இன்னும் இரண்டு பேர் கூட வந்தார்கள். கூடு வைக்கும் காலத்தில் பறவைகளை வேண்டுமென்றே பெரிதாகத் தொந்தரவு செய்வதைத் தடுக்கச் சொல்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு பறவைகள் உத்தரவு. கற்றுத்தரும் இடத்தில் இருப்பவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

பணம் விஷயம். தங்குமிடம், வண்டி, பயிற்சி மூன்றையும் ஒரே விலைக்கு விற்றிருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படி விற்பது பேக்கேஜ் டூர் கணக்கில் வரும், 2015ஆம் ஆண்டின் உத்தரவுப்படி சொன்னது நடக்காவிட்டால் விலையில் கழிவு கேட்கலாம். ஆனால் குறையைத் தாமதிக்காமல் சொல்லியிருக்க வேண்டும். அதனால் அங்கிருந்தே அன்றன்றைக்கு மெயில் போட்டேன், விளம்பரப் பக்கத்தையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன். அவர்கள் "முன்பணம் திரும்பத் தரப்படாது" என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள்.

இப்போது அடுத்த வசந்தத்துக்கும் அதே படங்களோடு, அதே ஆறு பேர் வாக்குறுதியோடு விளம்பரம் ஓடுகிறது. கட்டும் முன் எத்தனை பேர், கற்றுத்தரப்போவது யார், உப்பளத்துக்கு எத்தனை மணிக்குப் போவோம், பறவைக் குரலை ஸ்பீக்கரில் ஓடவிடுவீர்களா என்று மெயிலில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ஒப்பந்தத்தையும் விளம்பரத்தையும் இன்றே சேமித்துவிடுங்கள், அவர்கள் பக்கத்தை மாற்றும் முன்.